நம்ம குடும்பம் குழு: கிளமாத் ஆத்துப் பிள்ளைங்க

நான்: இதைப் படிச்சதுலேர்ந்து மனசு நிறைஞ்சு கிடக்கு. அமெரிக்காவுல கிளமாத்னு ஒரு ஆறு, ஓரிகன்ல பிறந்து கலிபோர்னியா வழியா கடலுக்குப் போகுது. அதுல இருந்த நாலு அணையை 2023, 2024ல இடிச்சுட்டாங்க. 2025 ஜூன்ல அந்த ஆத்தங்கரைப் பழங்குடிப் பிள்ளைங்க கயாக்னு சொல்ற சின்னத் துடுப்புப் படகுல கிளம்பி, ஒரு மாசம் துடுப்பு போட்டு ஜூலைல கடலுக்கே வந்து சேர்ந்துட்டாங்க. கிட்டத்தட்ட 500 கி.மீ!

பெரியப்பா: அணையை இடிச்சாங்களா?? அப்ப விவசாயத்துக்குத் தண்ணி?

நான்: அந்த நாலும் பாசன அணையே இல்ல பெரியப்பா, மின்சாரத்துக்குக் கட்டினது. நாலும் முழுசா ஓடினாலும் 163 மெகாவாட்தான்.

சித்தி: அதுக்காகவா இத்தனை வருஷம் ஆத்தை அடைச்சு வெச்சாங்க?

நான்: ஆமா சித்தி. 1912 வாக்குல முதல் அணையைக் கட்ட ஆரம்பிச்சதோட (1918ல கட்டி முடிச்சாங்க), சாமன் மீன் முட்டை போட கடல்லேர்ந்து ஆத்துல மேல ஏறுறது நின்னுபோச்சு. தேங்கின தண்ணியில கோடைக்கு கோடை விஷப்பாசி. 2002ல தண்ணி குறைஞ்சு, சூடாகி, நோய் பரவி, குறைஞ்சது 34,000 மீன் செத்து ஒதுங்கிச்சு. அந்த ஆத்தங்கரை யூரோக், கரூக் பழங்குடி மக்களுக்குச் சாப்பாடு, சடங்கு எல்லாமே அந்த மீன்தான். அதுக்கப்புறம் இருபது வருஷம் விடாம போராடித்தான் இடிக்க வெச்சாங்க.

பெரியப்பா: சரிம்மா, போராடினது பெரியவங்க. பசங்க படகு விட்டா என்ன ஆகப்போகுது?

நான்: அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பயணத்தை நடத்தின ரியோஸ் டு ரிவர்ஸ்னு ஒரு அமைப்பு, ஒரு ஆத்துப் பிள்ளைங்களை இன்னொரு நாட்டு ஆத்துப் பிள்ளைங்களோட பழக விடுது. சிலியில 2004ல ரால்கோ அணை நிரம்பினப்ப பெவென்சே பழங்குடி மக்களோட இடுகாடு ஒண்ணு தண்ணிக்குள்ள போயிடுச்சு. பொலிவியாவுல பேனி ஆத்துல செபேட்டே, எல் பாலான்னு ரெண்டு அணைத் திட்டம் தலைக்கு மேல தொங்குது. கிளமாத் பயணம் முடியற நேரத்துல சிலி, பொலிவியா பிள்ளைங்களும் வந்து சேர்ந்துகிட்டாங்க. கட்டின அணையை யாராலயும் அசைக்க முடியாதுன்னு கேட்டே வளர்ந்த பிள்ளைங்க பெரியப்பா. அணையை இடிச்ச ஆத்துல அவங்களே துடுப்பு போட்டதுக்கு அப்புறம், அந்தப் பேச்சை நம்புவாங்களா?

அண்ணன்: இது சரியான பாயிண்ட்.

சித்தி: சின்னப் பிள்ளைங்க, வேகமான தண்ணி. பயமா இருக்கே?

நான்: 2022லேர்ந்தே பயிற்சி கொடுத்தாங்க சித்தி. அணை இடியறதுக்கு முன்னாடியே!

அண்ணன்: மீன் திரும்பி வந்துச்சா?

நான்: 2024 அக்டோபர்லயே! இடிச்ச கையோட ஓரிகன் பக்கம் சாமன் ஏறிடுச்சு. 1912க்கு அப்புறம் அதான் முதல் தடவை.

பெரியப்பா: மேல வேற அணை எதுவும் இல்லையே?

நான்: கீனோ, லிங்க் ரிவர்னு ரெண்டு இன்னும் நிக்குது. அங்க பசங்க கயாக்கைத் தூக்கிட்டுக் கரையோட நடந்தாங்க.

பெரியப்பா: மீன் என்ன பண்ணும்?

நான்: மீன் ஏற படி இருக்கு பெரியப்பா. ஆனா கீனோல இருக்கிறது பழசு, பத்தாது.

பெரியப்பா: அப்ப வேலை இன்னும் முடியல. பயணத்து வீடியோ இருந்தா போடும்மா, பாக்கணும்.