“வெளியிலிருந்து ஒரு மூட்டை உரம்கூட வேண்டாம்” – இது நடக்கிற காரியமா?

துலாக்கோல்:
வட்டப்பாதை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: “500 பேர் வாழும் ஒரு விவசாயக் கிராமம், தன் மக்களின் மலம், சிறுநீர், ஆடு மாடுகளின் சாணம் எல்லாவற்றையும் நிலத்துக்கே திருப்பிவிட்டால், வெளியிலிருந்து ஒரு மூட்டை உரம்கூட வாங்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஓடும்.” அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. கழிவை மண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்று இருபது வருடமாகக் கத்துகிறவன் நான். அதனால்தான் கோபம் வருகிறது. அந்தக் கிராமம் எதையும் விற்காதா? ஒரு டன் தானியம் வாசலைத் தாண்டினால் அதோடு சுமார் 20 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 3 கிலோ பாஸ்பரஸும் சேர்ந்து போகின்றன. தழைச்சத்தையாவது பயறுச் செடிகள் காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கும். பாஸ்பரஸ் காற்றில் கிடையாது. போனது போனதுதான். ஒரு மூட்டைகூட வேண்டாமா?

வட்டப்பாதை:
பாதியைப் படித்துவிட்டு மீதியைக் கற்பனை செய்துகொள்வது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஓர் ஆள் ஒரு வருடத்தில் சுமார் 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். அதில் ஏறக்குறைய 4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. வளர்ந்த மனிதர் உடம்பில் தழைச்சத்து சேர்வதில்லை, சாப்பிட்டது அவ்வளவும் வெளியே வந்துவிடுகிறது. பாஸ்பரஸும் அப்படியே, பெரும்பங்கு சிறுநீரில், மீதி மலத்தில். உண்ட அளவு திரும்பி வந்தால் வட்டம் மூடிவிட்டது. இதில் எங்கே ஓட்டை?

துலாக்கோல்:
விற்ற மூட்டையில் ஓட்டை. நான் கேட்டது அதைத்தான். உண்டதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அமிலகாரம்:
“வட்டம் மூடிவிட்டது” என்பதே முதலில் தவறு. சிறுநீரில் உள்ள யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறிவிடும், காரத்தன்மையின் அளவு (pH) 9 வரை ஏறும். மூடியில்லாத வாளியில் வைத்தால் அம்மோனியா காற்றோடு போய்விடும். வெயில் நேரத்தில் மண்ணின் மேலே ஊற்றினாலும் அதே கதி. இறுக மூடிய கேன், ஊற்றியவுடன் மண்ணைத் தள்ளி மூடும் சால், இரண்டும் இல்லாமல் 4 கிலோ என்று பேசுவது காகிதக் கணக்கு.

வட்டப்பாதை:
கேனை மூடத் தெரியாதவர்களுக்காகவா நான் எழுதுகிறேன்? நன்றாக மூடி வைத்தால் அதே அம்மோனியா கிருமியைக் கொல்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் 6 மாதம் சேமித்த சிறுநீரை எல்லாப் பயிருக்கும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2006-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. போன முறை உயிர்க்கரி (மண்ணில் கலக்கும் மரக்கரி) பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் நுழைந்து குழப்பினீர்கள், அமிலகாரம்.

அமிலகாரம்:
உயிர்க்கரியில் நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் தெரிந்தது. அதை நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கேயும் அதுதான் நடக்கப்போகிறது.

வட்டப்பாதை:
எங்கே தெரிந்தது? யாருக்குத் தெரிந்தது?

துலாக்கோல்:
உயிர்க்கரி வேண்டாம் நண்பர்களே. மூட்டைக்கு வருவோம். நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். ஓர் ஆளின் மலம், சிறுநீர் இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் அரை கிலோ பாஸ்பரஸ். 500 பேருக்கு 250 கிலோ. அந்தக் கிராமம் 100 டன் தானியம் வெளியே விற்றால் 300 கிலோ பாஸ்பரஸ் போகிறது. 500 பேரும் வருடம் முழுக்க ஒரு சொட்டு சிந்தாமல் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிகம். அந்த 250 கிலோ அவர்கள் வயிற்றுக்கு விளைந்ததை ஈடுகட்டத்தான் போதும். விற்றதை ஈடுகட்ட யார் வருவார்?

நீர்க்கோழி:
மண்ணிலேயே பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறதே! மேல்மண்ணில் மட்டும் ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கான கிலோ இருக்கிறது, பல நிலங்களில் ஆயிரத்தையும் தாண்டும். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் அதைக் கரைத்துக் கொடுக்கின்றன. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் ஒரு கோதுமைப் பாத்திக்கு எந்த எருவும் உரமும் போடாமல் வைத்திருக்கிறார்கள். அது இன்னும் விளைகிறது. மண்ணை நம்ப வேண்டும் தம்பி.

துலாக்கோல்:
அந்தப் பாத்தி எவ்வளவு விளைகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன். பக்கத்திலேயே வருடா வருடம் 35 டன் தொழு எரு போடும் பாத்தி பல மடங்கு விளைகிறது. 180 வருடமாக மண்ணை நம்பியதற்குக் கிடைத்த பதில் அந்த ஒரு டன். அதை நம்பி 500 பேரை உட்கார வைப்பீர்களா? அப்புறம், என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம்.

நீர்க்கோழி:
35 டன் எரு போட்டால் பல மடங்கு விளைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுதானே வட்டப்பாதையும் சொல்வது? வயதில் மூத்தவன் என்ற உரிமையில் தம்பி என்றேன், அதில் என்ன குறைந்துவிட்டது?

துலாக்கோல்:
என் வயது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த 35 டன் எரு வானத்திலிருந்து விழவில்லை. ஒரு ஹெக்டேருக்கு அவ்வளவு சாணம் வேண்டுமென்றால் அந்த மாடுகளுக்குத் தீனி விளைய வேறு நிலம் வேண்டும். அதாவது பக்கத்து நிலத்தின் சத்தைச் சுரண்டி இந்தப் பாத்தியில் கொட்டுகிறோம். தீவனத்தை வெளியே வாங்குகிற கிராமங்கள் இன்னும் மோசம். பிண்ணாக்கு மூட்டையும் தவிட்டு மூட்டையும் வேறு பெயரில் வருகிற உர மூட்டைதான். மாடு தின்று சாணமாகப் போட்டவுடன் “எங்கள் சொந்த எரு” என்று மார்தட்டுகிறார்கள்.

கொழுமுனை:
இப்படி ஒரு குடியிருப்பில் நான் 3 வருடம் இருந்தவன். சுமார் 40 பேர். சிறுநீர் பிரிக்கும் கழிப்பறை, மட்குக் குழி எல்லாம் ஒழுங்காகக் கட்டினோம். யாரும் பாஸ்பரஸ் பற்றிச் சண்டை போடவில்லை. சண்டை முழுக்க கேனை யார் தூக்குவது என்பதில்தான். 20 லிட்டர் கேன் 20 கிலோ கனம். ஆளுக்கு வருடத்துக்கு 25 கேன், 40 பேருக்கு ஆயிரம் கேன். முதல் வருடம் எல்லோரும் தூக்கினோம். மூன்றாம் வருடம் நானும் இன்னொருவரும் மட்டும். முறை வைத்தால் ஒருவருக்கு முதுகு வலிக்கும், இன்னொருவருக்கு அவசர வேலை வரும். கூட்டம் போட்டுப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் கேன் அங்கேயே நிற்கும். எழுதுகிறவர்கள் ஒரு மாதம் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எனக்கு இன்னும் மனசு வலிக்கிறது, ஏனென்றால் நிலம் நன்றாகத்தான் இருந்தது.

வட்டப்பாதை:
அது உங்கள் குழுவின் ஒற்றுமைக் குறை. கோட்பாட்டின் குறை இல்லை.

கொழுமுனை:
தூக்காதவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

அமிலகாரம்:
கொழுமுனை, மலத்தை எத்தனை நாள் மட்க வைத்தீர்கள்? குவியலின் நடுவில் 55 டிகிரி ஏறியதா? குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக் கணக்கில் உயிரோடு கிடக்கும். குவியலின் ஓரம் சூடாகாது, புரட்டிப் போடவில்லை என்றால் ஓரத்து முட்டைகள் அப்படியே இருக்கும்.

கொழுமுனை:
வெப்பமானி வைத்துப் பார்த்தோம், புரட்டினோம். அதன் பிறகும் ஒரு வருடம் ஆறப்போட்டு மரங்களுக்கு மட்டும் போட்டோம். தயவுசெய்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நீர்க்கோழி:
இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாவற்றையும் சாண எரிவாயுக் கலனில் விட்டால் முடிந்தது.

துலாக்கோல்:
கலனில் விட்டால் கார்பன் மீத்தேனாகப் போகும். தழைச்சத்தும் பாஸ்பரஸும் வெளியே வரும் கரைசலில் அப்படியே இருக்கும், கூடவும் செய்யாது. நல்ல வழிதான், ஆனால் விற்ற மூட்டை அதிலிருந்து திரும்பி வராது. கிருமிக்கும் அது முழு மருந்து இல்லை. சாதாரண வெப்பத்தில் ஓடும் கலனிலிருந்து புழு முட்டை பிழைத்து வரும்.

வட்டப்பாதை:
சரி, விற்பனைக்கே வருகிறேன், துலாக்கோலுக்கு நெஞ்சு ஆறட்டும். தானியத்தை ஏன் விற்க வேண்டும்? எண்ணெய் விற்கலாம். சர்க்கரை விற்கலாம். பஞ்சு, நார் விற்கலாம். இவை எல்லாம் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். காற்றும் தண்ணீரும் சூரிய ஒளியும் சேர்ந்து ஆனவை. விதையில் இருக்கும் தழைச்சத்தும் பாஸ்பரஸும் பிண்ணாக்கில் தங்கிவிடும். பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு. காசு வரும், சத்து போகாது. இப்போது சொல்லுங்கள், எந்த மூட்டை?

துலாக்கோல்:
இது நல்ல யோசனை. ஆனால் நேற்று நீங்கள் எழுதியதில் இது இல்லை. நேற்று “விவசாயக் கிராமம்” என்றீர்கள், இன்று அது செக்கு வைத்த கிராமமாக மாறிவிட்டது. எல்லாக் கிராமமும் எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் விற்றால் நகரத்துக்காரர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? நகரத்துக்குத் தானியம் போயே ஆக வேண்டும். போனால் பாஸ்பரஸும் போகும், சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நாறியதும் பெரிய சாக்கடைகள் கட்டி எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டார்கள். நிலத்தின் சத்து வீணாகிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் அப்போதே கொதித்தார். நாமோ இன்னும் கிராமத்துக் கழிப்பறையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நகரத்துச் சாக்கடையைத் தொடுவதே இல்லை.

இடோவில், இன்றைய டோக்கியோவில், நகரத்து மலம் விலைபோனது. வீட்டுக்காரர்கள் அதை விற்றார்கள், விவசாயிகள் படகில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனார்கள். அங்கே விற்ற மூட்டை வேறு உருவத்தில் வாசலுக்குத் திரும்பி வந்தது. “ஒரு மூட்டைகூட வேண்டாம்” என்று தனித்து உட்கார்ந்த கிராமத்தால் வந்த வளம் இல்லை அது. நகரமும் கிராமமும் கொடுத்து வாங்கியதால் வந்தது.

அமிலகாரம்:
இடோ காலத்தில் மாத்திரை கிடையாது. இன்றைய சிறுநீரில் மருந்து எச்சம் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. மழை குறைந்த நிலத்தில் வருடா வருடம் ஊற்றினால் உப்பு தங்கும்.

நீர்க்கோழி:
சிறுநீரிலிருந்துதான் பாஸ்பரஸையே கண்டுபிடித்தார்கள், 1669-இல், ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட். மருந்து எச்சம், உப்பு என்று பயமுறுத்துவதை விடுங்கள்.

அமிலகாரம்:
அவர் தங்கம் தேடிக் காய்ச்சினார். அதற்கும் நான் சொன்னதற்கும் என்ன தொடர்பு?

துலாக்கோல்:
நான் ஏன் இந்த ஒரு சொல்லில் பிடிவாதமாக நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் “ஒரு மூட்டைகூட வேண்டாம்” என்று சபதம் போட்டவன். 7 வருடம் எங்கள் மாட்டுச் சாணமும் பசுந்தாளும் மட்டும் போட்டு மக்காச்சோளம் விற்றேன். முதல் 4 வருடம் அருமை. எல்லோரிடமும் பெருமை பேசினேன். 5-ஆம் வருடம் இளஞ்செடியின் இலை ஓரம் ஊதா நிறமாக மாறியது. குளிர் என்று நினைத்தேன். 7-ஆம் வருடம் மண் பரிசோதனை செய்தபோது, செடி எடுத்துக்கொள்ளும் நிலையிலிருந்த பாஸ்பரஸ் பாதிக்கும் கீழே போயிருந்தது. மண் தன் கையிருப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதை என் திறமை என்று எண்ணிவிட்டேன். அதனால்தான் கேட்கிறேன். உங்களைப் படித்துவிட்டு ஒரு இளைஞன் இருப்பதை விற்றுவிட்டு நிலத்தில் இறங்கினால், 5-ஆம் வருடம் அவன் வயலில் வந்து நிற்பீர்களா?

வட்டப்பாதை:
உங்கள் நிலத்தில் நீங்கள் மாட்டுச் சாணம் மட்டும்தான் போட்டீர்கள். மனிதக் கழிவைப் போடவில்லை. நான் சொன்ன முறையைச் செய்யாமலேயே அது தோற்றது என்கிறீர்கள்.

துலாக்கோல்:
எங்கள் வீட்டில் 5 பேர். ஐந்து பேரின் முழுக் கழிவும் வருடத்துக்கு இரண்டரை கிலோ பாஸ்பரஸ். நான் விற்றது வருடத்துக்கு 12 டன், அதில் போனது 30 கிலோவுக்கு மேல். இரண்டரையைப் போட்டிருந்தால் முப்பது வந்திருக்குமா?

வட்டப்பாதை:
5 பேர் இருக்கும் வீடு கிராமம் ஆகாது. நான் 500 பேர் என்றேன்.

துலாக்கோல்:
500 பேருக்கும் மேலே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! 250 வருகிறது, விற்றால் 300 போகிறது.

நீர்க்கோழி:
பாஸ்பரஸ் உரத்துக்காக வெட்டியெடுக்கும் பாறைப் பாஸ்பேட்டை நம்பச் சொல்கிறீர்களா? உலகக் கையிருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும். பசிபிக் கடலில் நவ்ரு தீவை வெட்டி வெட்டி நடுப்பகுதியை வாழ முடியாத பாறைக் காடாக்கினார்கள். அந்த மூட்டைதான் உங்களுக்கு வேண்டுமா தம்பி?

துலாக்கோல்:
மறுபடியும் தம்பி! வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சுரங்கமும் தீரும், நவ்ருவுக்கு நடந்தது அநியாயம். அதனால்தான் நகரத்துச் சாக்கடையிலிருந்து பாஸ்பரஸை ஸ்ட்ரூவைட் உப்பாகப் பிரித்து நிலத்துக்குத் திருப்ப வேண்டும் என்கிறேன். அதுவும் ஒரு மூட்டைதான். வெளியிலிருந்து வரும் மூட்டை. அதை வாங்க மாட்டேன் என்று ஒரு கிராமம் வீம்பு பிடித்தால் நஷ்டம் யாருக்கு?

கொழுமுனை:
அந்த மூட்டையையாவது லாரியில் ஏற்றி வருவார்கள்.

வட்டப்பாதை:
நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. மனிதர் உண்டது மண்ணுக்குத் திரும்பினால் வெளியிலிருந்து ஒரு மூட்டைகூட வேண்டாம்.

துலாக்கோல்:
“உண்டது” என்று இப்போதுதான் சேர்க்கிறீர்கள். நேற்றைய பதிவில் அந்தச் சொல் இல்லை. விற்றது?

வட்டப்பாதை:
எண்ணெய் விற்போம் என்று சொன்னேனே.

அமிலகாரம்:
பிண்ணாக்கைக் குவித்து ஈரமாக வைத்தால் அதிலும் அம்மோனியா போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வட்டப்பாதை:
நீங்கள் முதலில் உயிர்க்கரி விவாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.