குளிர் தாங்கும் மாதுளையை நம்பி வாங்கினேன்

செம்பவாங் தோட்டக்காரன்:

என் தங்கை அட்லாண்டாவில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்புறம் சலாவட்ஸ்கி என்ற மாதுளை நிற்கிறது. நவம்பரில் இலை முழுக்கக் கொட்டி வெறும் குச்சியாகிவிடும். சில இரவுகளில் வாளித் தண்ணீர் உறைந்துபோகும் ஊர் அது. ஆனாலும் மார்ச் கடைசியில் சிவந்த துளிர் விட்டு, அக்டோபரில் ஒரு கைக்குள் அடங்காத பழங்களைத் தரும். வருடா வருடம் படம் அனுப்புவாள். கூடவே ஒரு வரி: "அண்ணே, உன் மரம் என்னாச்சு?" அந்த வரிதான் என்னைக் கெடுத்தது.

இணையத்தில் ஒருவர் "ரஷ்ய இனிப்பு மாதுளை, குளிர் தாங்கும், தொட்டிக்கு ஏற்றது" என்று போட்டிருந்தார். குளிர் தாங்கும் என்றதும் ஏதோ உசத்தி ரகம் என்று நினைத்துவிட்டேன். சிங்கப்பூரில் குளிருக்கு எங்கே போவது? 2018 ஜனவரியில் சில நாள் 22 டிகிரிக்கு இறங்கியதற்கே நாம் ஸ்வெட்டர் தேடினோம். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். ஓர் அடி உயரச் செடி, பொடிப்பொடியாகக் குறுகிய இலை. இலையைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆறே மாதத்தில் பூத்துத் தள்ளியது, காயும் பிடித்தது. பிங்பாங் பந்து அளவு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிளந்து நாலு முத்து வாயில் போட்டேன், புளியங்காய் தோற்றது! பூவுக்காக வளர்க்கும் குட்டை மாதுளையை எனக்கு ரஷ்ய மாதுளை என்று விற்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். குளிர் தாங்கும் ரகங்களில் பல துர்க்மெனிஸ்தான் பக்கத்திலிருந்து வந்தவை. அங்கே கர்ரிகாலா என்ற இடத்து ஆய்வு நிலையத்தில் கிரிகோரி லெவின் என்பவர் பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதுளை வகைகளைச் சேர்த்து வைத்திருந்தார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அவர் அந்த இடத்தை விட்டு வர வேண்டியதாயிற்று. அந்தச் சேகரிப்பில் ஒரு பகுதி கலிபோர்னியாவுக்குப் போனதால் இன்று அந்த ரகங்கள் பல வீட்டுத் தோட்டங்களில் இருக்கின்றன. சலாவட்ஸ்கி பூஜ்யத்துக்குக் கீழே 12, 14 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். இனிப்போடு லேசான புளிப்பும் இருக்கும். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் அது பெரிய வரம். செம்பவாங்கில் அந்தக் குணத்துக்கு வேலையே இல்லை.

இரண்டாவது செடி, சிராங்கூனில் ஒரு நண்பர் வீட்டு மரத்தில் விண்பதியம் போட்டு எடுத்தது. பகவா ரகம் என்றார். விரல் தடிமனான கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தேங்காய் நார்த்தூள் வைத்து, பிளாஸ்டிக்கால் கட்டினோம். இரண்டு மாதத்தில் வெள்ளை வேர் தெரிந்தது. போர்ச்சுக்கு முன்னால் பெரிய தொட்டியில் வைத்தேன். இரண்டு வருடம் இலை, இலை, இலை. தினமும் தண்ணீர், மாதாமாதம் உரம், அன்புக்குக் குறைவே இல்லை. ஒரு மொட்டுகூட இல்லை.

திண்டுக்கல் பக்கம் மாதுளை போட்டிருக்கும் பெரியப்பாவிடம் போனில் புலம்பினேன். சிரித்துவிட்டார். "தண்ணிய நிறுத்துடா. அதுக்கு வாட்டம் காட்டணும். நீ அதைத் தூங்கவே விடல." மகாராஷ்டிராவில் இதை பஹார் எடுப்பது என்பார்களாம். ஒரு மாதம், இரண்டு மாதம் பாசனத்தை நிறுத்தி, இலையை உதிரவைத்து, கவாத்து செய்து, உரம் வைத்து, அப்புறம் தண்ணீர் விட்டால் மரம் ஒரே சமயத்தில் பூக்கும். அட்லாண்டாவில் பனி செய்யும் வேலையை அங்கே வறட்சி செய்கிறது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்யும் நம் ஊரில் இந்த இரண்டில் எதுவுமே தானாக நடக்காது.

ஜனவரி கடைசியில் தொட்டியை போர்ச் கூரைக்குக் கீழே இழுத்தேன். பிப்ரவரி நமக்குக் கொஞ்சம் காய்ந்த மாதம்தான், ஆனாலும் மழையை நம்ப முடியாது. மூன்றாவது வாரம் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. மனைவி, "கொன்னுட்டீங்களா?" என்றாள். எனக்கும் பயம்தான். நாலு வாரம் முடிந்ததும் மெல்லிய குச்சிகளை வெட்டிவிட்டு, மக்கிய சாணம் போட்டு, முதல் நாள் ஒரு குவளை, பிறகு இரண்டு என்று மெதுவாகத் தண்ணீர் கூட்டி, வெயிலுக்குத் தள்ளினேன். மார்ச் முடிவதற்குள் நாற்பது பூ!

முப்பத்து நாலு கொட்டிவிட்டது. அதற்குப் பதற வேண்டாம். உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடி கூம்பாகக் குறுகி மணி மாதிரி இருந்தால் அது ஆண் பூ, விழத்தான் செய்யும். அடி உருண்டு குடுவை மாதிரி இருப்பதுதான் காய்க்கும். பழைய வர்ணத் தூரிகையால் காலையில் நானே மகரந்தம் தடவினேன். ஆறு பிடித்தது, மூன்று தங்கியது. ஆகஸ்டில் ஒரு விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து வீசும் பலத்த காற்றோடு கொட்டிய மழையில் ஒன்று பிளந்தது. காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் சேர்ந்தால் உள்ளே முத்து உப்பும், தோல் ஈடு கொடுக்காது. மீதி இரண்டும் செப்டம்பரில் பழுத்தன. தட்டிப் பார்த்தால் உலோகச் சத்தம் கேட்டது. பறித்தபின் மாதுளை மேலும் பழுக்காது என்பதால் காத்திருந்துதான் அறுத்தேன். முத்து வெளிர் ரோஜா நிறம், இங்கே இரவும் சூடு என்பதால் கடைப் பழத்துச் சிவப்பு வராது. ஆனால் இனிப்பு! தங்கைக்குப் படம் அனுப்பினேன். "சின்னதா இருக்கே" என்றாள்.

தெம்பனிஸ் பதினோராவது மாடி:

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் முயன்றவள் நான். காலை வெயில் மூன்று மணி நேரம்தான். செடி செழிப்பாக வந்தது, பூ இல்லை. கிளை பக்கவாட்டில் பரவிவிட்டது, முள் வேறு. தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே, பக்கத்து வீட்டுப் பையனின் சட்டை இரண்டு முறை மாட்டியது. கடைசியில் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது நாள் முழுக்க வெயில், நன்றாகப் பூக்கிறது. காய் இன்னும் இல்லை. அண்ணன் சொல்லும் வாட்டத்தை அங்கே எப்படிக் காட்டுவது? நான் நிறுத்தினாலும் தண்ணீர் ஊற்ற எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு விஷயம்: தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். கொசுப் புழு ஒன்று இருந்தாலும் போதும், அபராதம்.

உட்லண்ட்ஸ்காரன்:

தேக்கா சந்தையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு வளர்த்தேன். நாலு வருடம். பழம் வந்தது, தாய்ப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒரே புளிப்பு. விதையில் ரகம் நிற்காது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். வெட்டிவிடலாம் என்று நினைத்தபோது எதிர்வீட்டு தியோச்சியூ சீன ஆண்ட்டி தடுத்தார். சாமி கும்பிடவும், துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தண்ணீரில் போட்டுத் தெளித்துக்கொள்ளவும் அவருக்கு மாதுளைக் கொழுந்து வேண்டும். கொப்பு ஒடித்துப் போகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார், ஆரஞ்சு கொண்டுவருவார். மரம் பிழைத்தது.

ஜூரோங் வெஸ்ட்:

ஐயா, தங்கச்சியிடம் சொல்லி நாலு சலாவட்ஸ்கி குச்சி பெட்டியில் கொண்டுவரச் சொன்னால் என்ன?

செம்பவாங் தோட்டக்காரன்:

தம்பி, அந்த வேலை வேண்டாம். அந்த நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் இல்லாமல் குச்சியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. அவ்வளவு பாடுபட்டு வரவழைத்தாலும் அதையும் நாலு வாரம் காயப்போடத்தான் வேண்டும். பகவா ரகமோ கணேஷ் ரகமோ யார் வீட்டிலாவது காய்த்தால் அதில் பதியம் கேளுங்கள்.

இந்த வருடம் ஐந்து காய் எலுமிச்சை அளவில் நிற்கிறது. மாவுப்பூச்சியை வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் பார்த்துக்கொள்கின்றன. மைனாவுக்குத்தான் வழி தெரியாமல் வெங்காயம் வரும் வலைப்பையில் ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறேன். தெம்பனிஸ் அக்கா, உங்கள் எட்டுப் பேரிடமும் பிப்ரவரிக்கு முன்பே பேசி வையுங்கள்.