பழைய பொக்லைன் இன்ஜின்: சான்றை எங்கே சரிபார்ப்பது?

வணக்கம். மாதவரத்தில் தம்பிக்கு ஒரு பழைய பொக்லைன் பேசியிருக்கிறோம். ஆர்.சி.யில் 2021 கடைசியில் தயாரித்த வண்டி என்று இருக்கிறது. அப்படியானால் பாரத் ஸ்டேஜ் சி.இ.வி. 4 (கட்டுமான வண்டிகளுக்கான புகை அளவு விதி) இன்ஜின் இருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து தயாரித்த வண்டிகளுக்கு அதுதான் விதியாக இருந்தது. ஆனால் இன்ஜின் தகட்டின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்து, பாதி எழுத்து தெரியவில்லை. பழைய இன்ஜினை மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. விற்பவர் புகைச் சான்றிதழைக் காட்டுகிறார். அது சோதித்த அன்றைக்கு வந்த புகையைத்தான் சொல்லும்.

இன்ஜின் எண்ணைப் படிவம் 22 (வண்டி விதிப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளர் தரும் சான்று), அந்த மாடலுக்குக் கிடைத்த ஒப்புதல் எண் இரண்டோடும் ஒப்பிட்டுத் தர யாரை அணுகலாம்? டீலரா, ஆர்.டி.ஓ.வா? மணலியில் இருக்கிற புகையே போதும், தம்பி அங்கேதான் ஓட்டப்போகிறான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.