போட்டோவை ஸ்கிரிப்ட் மூலம் புடைப்புச் சிற்பமாக்கி 3டி பிரிண்டரில் அச்சடித்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திண்ணைவாசி:
பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம். பைத்தான் நிரல்மொழியில் எல்லோரும் எழுதும் அதே ஸ்கிரிப்ட்தான், வெளிச்சம் மேடு, இருட்டு பள்ளம், பிரிண்டும் சுத்தமாக வந்தது. கண் அழுத்த நோயில் பார்வை போன தாத்தா தடவிப் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். மூக்கு, கன்னம் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நெற்றி நடுவில் நின்று, "இங்க என்னப்பா குழி? அவளுக்கு நெத்தியில அடிபட்டதே இல்லையே" என்றார். அது பாட்டியின் குங்குமப் பொட்டு. படத்தில் கறுப்பாக விழுந்ததை ஸ்கிரிப்ட் தோண்டிவிட்டது. பொட்டு என்று சொன்னேன். "பொட்டு இவ்வளவு ஆழமாவா இருக்கும்?" என்று திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஒளித்தட்டு:
லித்தோபேனாகப் போட்டிருக்க வேண்டும் நண்பரே. 1827-லேயே பிரான்சில் பீங்கானில் காப்புரிமை வாங்கிய வித்தை இது: இருட்டுக்குத் தடிப்பு, வெளிச்சத்துக்கு மெலிவு, பின்னால் விளக்கு. அக்கா மகள் படத்தை அடித்து வைத்திருந்தேன், கரண்ட் போன இரவில் மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்ததும் அவள் விழுந்த பல்லின் இடைவெளிகூடத் தெரிந்தது, வீடே கூடிவிட்டது. செய்பவர்களுக்குச் சில விஷயம். வெள்ளை பிஎல்ஏ பிளாஸ்டிக், மெல்லிய இடம் 0.8 மிமீ, தடித்த இடம் 3 மிமீ, இன்ஃபில் (உள்ளே நிரப்பும் அளவு) 100 சதவீதம். நிற்கவைத்து அடியுங்கள். படுக்கவைத்தால் 0.2 மிமீ லேயரில் இந்த 2.2 மிமீ வித்தியாசத்துக்கு 11 படிதான் கிடைக்கும், முகம் முழுக்க வரி வரியாக வரும். 1000க்கு 1000 பிக்சல் படத்தை அப்படியே கொடுக்காதீர்கள், உருவத்தை முக்கோணங்களாக அடுக்கிச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் மேல்பரப்பு மட்டுமே சுமார் 20 லட்சம் முக்கோணம், ஒன்றுக்கு 50 பைட், 100 எம்பியைத் தொடும். பிளாஸ்டிக் உருகி வரும் 0.4 மிமீ நாசிலுக்கு அந்த நுணுக்கம் எப்படியும் வராது.

நாஞ்சில்காரி:
வாட்ஸப்பில் வந்த கல்யாணப் போட்டோவை யாரும் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். படத்தைச் சுருக்கும்போது ஜேபெக் போடும் 8க்கு 8 பிக்சல் கட்டங்கள் திரையில் தெரியாது, பிரிண்டில் கைக்குத் தட்டுப்படும். அம்மா தடவிவிட்டு "மாப்பிள்ளை கன்னமெல்லாம் ஏன் கட்டம் கட்டமா இருக்கு" என்றாள். ஒரிஜினல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

விரல்நுனி:
ஒளித்தட்டு, பார்வை இல்லாதவருக்குப் பின்னால் விளக்கு வைத்து என்ன செய்வது? பதிவைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறீர்களா? லித்தோபேனைத் தடவினால் முடி துருத்தும், நெற்றி உள்ளே போகும், இன்னும் மோசம். பார்வையற்ற மாணவிகளுக்காகத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அடித்துக் கொண்டுபோனேன், சாயங்காலம் எடுத்த படம். ஒரு மாணவி நிழல் விழுந்த பக்கம் கை வந்ததும் "இந்தப் பாதி இடிஞ்சு போச்சா அக்கா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிழல் ஆழம் ஆகாது. அப்புறம் மைடாஸ் மாதிரி ஆழத்தைக் கணிக்கும் ஏஐ மாடலில் படத்தைக் கொடுத்து, அது தரும் ஆழப்படத்தைத்தான் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கிறேன். புடவைக் கரை, நகை மாதிரி நுணுக்கத்துக்கு மட்டும் அசல் படத்தைக் கொஞ்சம் கலந்துகொள்வேன். திண்ணைவாசி, கிம்ப் மாதிரி படம் திருத்தும் மென்பொருளில் அந்தப் பொட்டின் மேல் வெள்ளை வட்டம் வைத்து மறுபடி அடியுங்கள், தாத்தா கைக்கு மேடாகவே கிடைக்கட்டும்.

திண்ணைவாசி:
இன்று ராத்திரியே செய்கிறேன். மூக்குத்தி வெளிச்சத்தில் பளிச்சென்று விழுந்து முள் மாதிரி குத்துகிறது, அதை எவ்வளவு தணிக்கலாம்?