குராசோ ஃபுட் டூர்: காசு கொடுத்துப் போகணுமா, நேரே பிளாசா பியூவுக்கே போய்விடலாமா?

புளியமரத்தடி:
கரீபியன் தீவான குராசோவுக்குப் போகப் போகிறேன் என்று யார் கேட்டாலும், இங்கே முதலில் வரும் பதில் "தலைநகர் வில்லம்ஸ்டாடில் ஒரு ஃபுட் டூர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

நாங்கள் சேர்ந்த டூர், நகரின் பழைய பகுதியான புண்டாவின் கரையை விட்டு நகரவே இல்லை. ஹாண்டெல்ஸ்காடே ஓரத்து வண்ணக் கட்டடங்கள் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு கடையில் கௌடா சீஸ் துண்டுகள். அடுத்ததில் பிட்டர்பாலன், அதாவது கெட்டியான மாட்டிறைச்சிக் குழம்பை உருண்டை பிடித்துப் பொரித்தது. அப்புறம் நீல நிற குராசோ மது ஒரு மடக்கு. கடைசியில் ஆளுக்கு இரண்டு கரண்டி கேஷி யெனா, அதாவது சீஸுக்குள் இறைச்சி திணித்து வேகவைத்தது. தீவையே ஒரு குட்டி ஆம்ஸ்டர்டாம் மாதிரி காட்டி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் நாங்களாகவே பிளாசா பியூ போனோம். பழைய சந்தைக் கூடம் அது. வரிசையாகச் சமையல்கட்டுகள், பெரிய பெரிய பானைகள், எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நீளப் பெஞ்சு. பானையை எட்டிப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டு வாங்கலாம். கபிரிட்டு ஸ்டோபா என்ற வெள்ளாட்டுக் குழம்பு, பொரித்த மீன், வாழைப்பழ வறுவல், தட்டு நிறைய ஃபுன்ச்சி என்ற களி. டூருக்கு ஒரு ஆளுக்குக் கொடுத்த காசில் குடும்பமே வயிறாரச் சாப்பிட்டோம்.

டச்சுக்காரர்கள் 1634இல் பிடித்து அடிமை வணிகத்துக்குக் கிடங்காக வைத்திருந்த தீவு இது. அங்கே உலை வைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் சமையலைக் காட்டாமல் சீஸ் துண்டைக் காட்டுவதற்கு எதற்கு ஒரு டூர்?

ரோட்டர்டாம்வாசி:
தம்பி, உங்களுக்கு வாய்த்தது மோசமான டூர். அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்களைக் கூட்டிப்போனவர் அந்த ஊர்ப் பெண்மணி. நீங்கள் சொல்லும் அதே பிளாசா பியூவுக்குத்தான் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பானையில் கியாம்போ இருந்தது. வெண்டைக்காயைக் கொழகொழவென்று கரையவிட்டு, உப்புக்கண்டமும் மீனும் போட்டு, அந்த ஊர்த் துளசி வகை ஒன்றின் இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்கும். தனியாகப் போயிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொரித்த மீன் வாங்கியிருப்பேன். அவர் என் தட்டில் ஃபுன்ச்சியை வைத்து, நடுவில் குழித்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். மக்காச்சோள மாவில் கிண்டிய நம் களிதான் ஃபுன்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று நாக்குக்குப் புரிந்தது.

இன்னொன்று. ஐரோப்பியச் சாயலைக் கழித்துவிட்டு அந்தத் தீவின் சாப்பாட்டைப் பேசவே முடியாது. கேஷி யெனாவை எடுங்கள். எஜமானர்கள் ஈடம் சீஸ் உருண்டையைக் குடைந்து தின்றுவிட்டு வெறும் மேலோட்டைக் கொடுப்பார்களாம். அடிமைகள் அதற்குள் மிச்ச இறைச்சியைத் திணித்து வேகவைத்தார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். அந்தக் கதை தெரியாமல் சாப்பிட்டால் அது வெறும் சீஸும் கோழியும்தான்.

புளியமரத்தடி:
அக்கா, அந்தக் கதையை எங்கள் வழிகாட்டியும் சொன்னார். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. இன்று பரிமாறும் கேஷி யெனாவுக்குள் என்ன இருக்கிறது? உலர்திராட்சை, ஆலிவ், கேப்பர் மொட்டு. எல்லாம் கப்பலில் வந்த விலையுயர்ந்த சாமான். அடிமைக் குடிசையில் இவை எங்கே இருந்திருக்கும்?

1651இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து குடியேறிய செபார்டிக் யூதர்களை இந்தக் கதையில் யாருமே சேர்ப்பதில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த கைமணம் அவர்களுடையது. தரையில் மணல் பரப்பிய அவர்களுடைய தொழுகைக்கூடம், 1732இல் கட்டியது, புண்டாவிலேயே இருக்கிறது. எங்கள் டூர் அதைக் கடந்துதான் போனது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீஸ் ஓடு எங்கிருந்தும் வந்திருக்கட்டும், உள்ளே இருப்பது பல வீட்டுக் கைகள் பட்டது என்பது என் எண்ணம். உருக்கமான ஒரே கதையாகச் சுருக்கி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கப்பல் அடுப்பு:
நான் உல்லாசக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறவன். குராசோவில் நிறுத்தும்போது ஓய்வு கிடைத்தால் நானும் பிளாசா பியூ பெஞ்சில்தான் உட்காருவேன். அதனால் சாப்பாட்டு விஷயத்தில் புளியமரத்தடி பக்கம்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கப்பல் பயணிக்கு மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். காலையில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு இறங்குவார், நடப்பார், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று வாங்குவார், மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார். அவ்வளவு பேர் இறங்கியும் பானை வைத்திருக்கிற அம்மாவுக்குப் பத்துப் பைசா போகாது. முன்பணம் கட்டிய டூர் ஒன்று இருந்தால்தான் அவர்களில் பலர் ஊரில் வாய் வைக்கிறார்கள். டூரே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அவர்கள் பிளாசா பியூவுக்குப் போகப்போவதில்லை. கப்பல் பஃபேவுக்குத்தான் வருவார்கள்.

புளியமரத்தடி:
நியாயமான பேச்சு அண்ணே. அப்படியானால் அந்தக் காசு எந்தப் பானைக்குப் போகிறது என்றுதானே கேட்க வேண்டும்? கரையோர ரெஸ்டாரண்டுக்குப் போனால் அந்த அம்மாவுக்கு என்ன லாபம்?

ரோட்டர்டாம்வாசி:
பிளாசா பியூ மட்டும்தான் அசல், மற்றதெல்லாம் வேஷம் என்பது போலப் பேசுகிறீர்கள். தீவின் மேற்குப் பகுதியான பண்டாபோ பக்கம் போனீர்களா? அங்கே காஸ் டி பாலி மைஷி என்று ஒரு பழைய வீடு, வெள்ளைச்சோளத் தட்டை வேய்ந்த கூரையோடு. மழை குறைந்த அந்த மண்ணில் அடிமைகள் விளைவித்தது சோளம். அதன் அறுவடைக்காக ஈஸ்டர் திங்களன்று இன்றும் செவு ஊர்வலம் போகிறார்கள். இதெல்லாம் நகரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியாது. வண்டியும் வேண்டும், விவரம் தெரிந்த ஆளும் வேண்டும்.

நீல மதுவையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நீலம் வெறும் சாயம், சரி. ஆனால் ஸ்பானியர்கள் நட்ட ஆரஞ்சு அந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்பாகிப்போனது. லராஹா என்கிறார்கள். பழம் உதவாது, காயவைத்த தோலில்தான் மணம். அந்த மதுவைத் தயாரிக்கும் சோபோலோபோ பண்ணை வீட்டில் அந்தத் தோலை முகர்ந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

வாழையிலை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இறைச்சி, மீன் தொடமாட்டேன். அடுத்த மாதம் கப்பலில் போகிறேன், குராசோவில் பகல் மட்டும்தான். எனக்கு டூரா, பிளாசா பியூவா?

ரோட்டர்டாம்வாசி:
உங்களுக்கு டூர்தான்மா, அதுவும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு. கியாம்போவில் மீன் உண்டு, குழம்புகள் எல்லாம் இறைச்சி. துத்து கேளுங்கள். காராமணியை வேகவைத்து, லேலே என்ற கொம்பு மத்தால் மசித்து, மக்காச்சோள மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவது. சிலர் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், அதை விசாரிக்க ஆள் இருந்தால் நல்லது. தென் அமெரிக்க நாடான சுரிநாமிலிருந்து வந்தவர்கள் நடத்தும் ரொட்டிக் கடையும் உண்டு. 1873இல் கல்கத்தாவிலிருந்து சுரிநாமுக்குக் கூலிகளாகப் போனவர்களின் சமையல். உருளைக்கிழங்கும் காராமணிக்காயும் மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம்.

புளியமரத்தடி:
இதில் நான் அக்காவோடு சண்டை போடவில்லை. ஆனால் காசு கட்டும் முன் எந்தெந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். பிளாசா பியூ இல்லை, கரையோரம் மட்டும்தான் என்றால் கட்டாதீர்கள். ஈடம் சீஸ் நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. கூடத்தில் பிக்கா என்று வெங்காயமும் மேடம் ஜனெட் மிளகாயும் ஊறிய புட்டி இருக்கும். துத்துவோடு துளி தொட்டுக்கொள்ளுங்கள், துளி மட்டும்.

முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக் கரையிலேயே வெனிசுவேலாப் படகுகள் காய்கறியும் பழமும் விற்றுக்கொண்டு நிற்குமாம். 2019இல் வெனிசுவேலா எல்லையை மூடியதும் அது நின்றது. தீவின் சாப்பாட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எந்த டூரிலாவது சொன்னால், அந்த டூருக்கு நானே காசு கட்டுகிறேன்.

கப்பல் அடுப்பு:
வாழையிலை, டூர் அமையவில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் ஒட்ரோபண்டா பக்கம்தான் நிற்கும். அங்கிருந்து 1888இல் போட்ட எம்மா ராணி மிதவைப் பாலத்தைத் தாண்டினால் புண்டா, பிளாசா பியூவுக்கு நடந்தே போய்விடலாம். பகல் சாப்பாடு மட்டும்தான், மதியத்துக்கு மேல் பானைகளைக் கழுவிவிடுவார்கள். துறைமுகத்துக்குள் கப்பல் வந்தால் பாலம் அப்படியே ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்போது நின்று காத்திருக்க வேண்டாம், பக்கத்திலேயே இலவசப் படகு விடுவார்கள், ஏறிக்கொள்ளுங்கள்.