ஆர்மோனியம் சத்தமா, சங்கீதமா? நேத்து ஒருத்தர் எழுதினதுக்கு பதில்

பெட்டிக்காரன்_மதுரை:
நேத்து கல்யாணக் கச்சேரி பேச்சுக்கு நடுவுல காவேரிக்கரை அண்ணன் "ஆர்மோனியம் வச்சுப் பாடுறதெல்லாம் வெறும் சத்தம், காது பழகாதவனுக்குத்தான் அது பாட்டா தெரியும்"னு போற போக்குல எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எங்க பக்கம் பங்குனி, சித்திரை வந்தா ஊருக்கு ஊர் வள்ளி திருமணம் நாடகம், மேடை ஓரத்துல ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், ஆல்ரவுண்டு (பல தாளக் கருவிய ஒருத்தரே வாசிக்கிறது), ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் அந்தப் பெட்டிதான் மொத்த நாடகத்தையும் தூக்கிட்டுப் போகும், நடிகர் எடுக்குற சுருதிக்கு ஒத்திகையே இல்லாம பின்பாட்டு பாடிக்கிட்டே வாசிக்கணும், வாசிச்சுப் பாருங்க தெரியும். நாடக நடிகர் கிட்டப்பா பாடினப்போ அவரோட அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம். அதுவும் சத்தமா?

காவேரிக்கரை:
தம்பி, இவ்வளவு நீளமா எழுதின நீ ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லு. தோடி ராகத்துல காந்தாரம், அதான் 'க' ஸ்வரம், ஒரே இடத்துல நிக்காம ஆடணும். நின்னா அது தோடி இல்ல. ஆர்மோனியத்துல ஒரு கட்டையை அமுக்குனா ஒரு ரீடு, ஒரு சுருதி, அவ்வளவுதான். அது எப்படி ஆடும்? ராஜரத்தினம் பிள்ளை தோடியை நாதஸ்வரத்துல கேட்டுட்டு அப்புறம் பெட்டியைப் பத்திப் பேசு. கிட்டப்பா குரல் நல்லா இருந்துச்சு, அது குரலோட பெருமை, பெட்டியோட பெருமை இல்ல.

ஸ்வரம்_தேடி:
ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு முன்னாடி நல்ல இசைன்னா என்னன்னு ஒரு வரி சொல்லிட்டீங்கன்னா எங்களுக்கு வசதியா இருக்கும்.

பெட்டிக்காரன்_மதுரை:
அண்ணே, நாடகத்துல யாரு உக்காந்து ஒரு மணி நேரம் தோடி ஆலாபனை பண்றா? வள்ளியும் வேடனும் தர்க்கம் பண்ற இடத்துல காந்தாரம் ஆடுச்சா நின்னுச்சான்னு அளந்துக்கிட்டா இருப்பாங்க?

காவேரிக்கரை:
ஆக வராதுன்னு ஒத்துக்கிட்ட. நன்றி.

பெட்டிக்காரன்_மதுரை:
எங்க ஒத்துக்கிட்டேன்???

மாமி_மயிலாப்பூர்:
காவேரிக்கரை சொல்றது சரிதான், கமகம், அதாவது ஸ்வரத்தை ஆட்டறது, இல்லாம கர்நாடக சங்கீதமே இல்ல. ஆனா வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே, பாலுசாமி தீட்சிதர் எடுத்துண்டு வரலையா? கதிரி கோபால்நாத் சாக்ஸபோனை நம்ம சங்கீதத்துக்கு வளைச்சு வாசிச்சார், சீனிவாஸ் மாண்டலின்ல வாசிச்சார். வெளியூர் வாத்தியம்னு ஒதுக்கறது எனக்குப் பிடிக்கலை.

காவேரிக்கரை:
வெளியூர்னு நான் எங்கயாவது எழுதினேனா? எழுதாததுக்கு பதில் சொல்றதுல உங்களை யாரும் மிஞ்ச முடியாது மாமி, போன மாசம் தவில் பேச்சுலயும் இதையேதான் செஞ்சீங்க. வயலின்ல மெட்டே (தந்திக்கு அடியில இருக்குற ஃப்ரெட்) கிடையாது, விரல் வழுக்கிக்கிட்டே போகும். வீணையில இருபத்தி நாலு மெட்டு இருக்கு, ஆனா தந்தியை இழுக்கலாம். மாண்டலின்லயும் இழுக்கலாம். சாக்ஸபோன்ல மூச்சும் உதடும் இருக்கு, அதுக்கே அந்த மனுஷன் வாத்தியத்தை மாத்தி அமைக்க வேண்டி வந்துச்சு. பெட்டியில எதை இழுப்பீங்க? துருத்தியையா? துருத்தியை இழுத்தா சத்தம் கூடும், காந்தாரம் ஆடாது.

மாமி_மயிலாப்பூர்:
தவில் பேச்சுல நான் சொன்னது வேற. அதை இங்க இழுக்காதேங்கோ.

சும்மா_ஒருத்தன்:
அப்போ ஜலதரங்கம்? கிண்ணத்துல தண்ணி ஊத்தி குச்சியால தட்டுறது. ஒவ்வொரு கிண்ணமும் ஒரு சுருதி. அதுக்கு சபாவுல சால்வை போடுறீங்களே, அதுல ஆடுதா உங்க காந்தாரம்?

பெட்டிக்காரன்_மதுரை:
ஆஹா. அண்ணே இதுக்கு பதில் சொல்லுங்க, ஜலதரங்கம் ஜலதரங்கம்.

காவேரிக்கரை:
குச்சியால தண்ணியைத் தொட்டா சுருதி கொஞ்சம் அசையும். கொஞ்சமாவது அசையும். பெட்டியில அந்தக் கொஞ்சமும் கிடையாது. தோடி காந்தாரம் வருமா வராதா, ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை கேட்டேன், கிண்ணம் குச்சின்னு ஊரைச் சுத்துறீங்க.

சும்மா_ஒருத்தன்:
"கொஞ்சம்" இருந்தா போதுமா? எவ்வளவு கொஞ்சம்? இஞ்சு டேப் இருக்கா?

காவேரிக்கரை:
பேரே சும்மா ஒருத்தன். சும்மா இரு.

யாழ்_தென்றல்:
அண்ணை, நீங்கள் கதைக்கிறது பழைய கதை. 1940-இலேயே அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, உங்கட இதே நியாயத்தைத்தான் சொன்னவை, கமகம் இல்லை, நம்மட இசைக்கு ஒத்து வராது எண்டு. 1971-இலதான் கொஞ்சம் தளர்த்தினவை. அவ்வளவு வருசத்தில சனம் பெட்டி வாசிக்கிறதை விட்டுதோ? பீம்சேன் ஜோஷிக்குப் பக்கத்தில ஆர்மோனியம் இருந்ததுதானே, கவ்வாலி பாடின நுஸ்ரத் ஃபதே அலி கானைப் பெட்டி இல்லாமல் நினைச்சுப் பார்க்கேலுமோ? கேஸ்கர் எண்ட மந்திரி வந்து சினிமாப் பாட்டையும் ரேடியோவில குறைச்சார், சனம் முழுக்க இலங்கை வானொலிப் பக்கம் திரும்பீட்டுது. பிறகு 1957-இல சினிமாப் பாட்டுப் போட விவித் பாரதி எண்ட வானொலிச் சேவையைத் தொடங்க வேண்டி வந்தது. எங்கட இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலைக் கேக்கத் தமிழ்நாட்டில எத்தனை வீட்டில காத்திருந்தவை எண்டு உங்கட அப்பாவிட்டக் கேட்டுப் பாருங்கோ.

காவேரிக்கரை:
நிறைய பேர் கேட்டா அது நல்ல இசையா? அப்போ ஊர்ல நிறைய பேர் குடிக்கிறான், அது தீர்த்தமா? தடை போட்டது சரியா தப்பான்னு நான் பேசவே இல்ல, போட்டவங்களுக்கு காது இருந்துச்சுன்னு மட்டும் தெரியுது. பீம்சேன் ஜோஷி பாடினது இந்துஸ்தானி. அங்க தோடின்னு சொல்றதே வேற ராகம். நான் கேக்குறது நம்ம தோடி, எட்டாவது மேளகர்த்தா (தாய் ராகம்), அதோட காந்தாரம். இத்தனை பேர் வந்தீங்க, ஒருத்தராவது "வரும்"னு எழுதினீங்களா?

பெட்டிக்காரன்_மதுரை:
அண்ணே, எனக்குப் புரியாதது ஒண்ணுதான். நாதஸ்வரத்துக்கு இவ்வளவு உருகுற நீங்க உங்க வீட்டுக் கல்யாணத்துல என்ன வச்சீங்க? நீங்களே போட்ட வீடியோதான், பார்த்தேன். செண்டை மேளம்! முப்பது பேர் வரிசையா நின்னு அடிக்கிறாங்க. அதுல எந்தக் காந்தாரம் ஆடுச்சு?

சும்மா_ஒருத்தன்:
அய்யோ

மாமி_மயிலாப்பூர்:
நிஜமாவா? மண்டபத்துக்குள்ளயா?

காவேரிக்கரை:
அது பொண்ணு வீட்டுக்காரங்க ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம்தான். அடுத்தவன் வீட்டு விசேஷத்தை நோண்டுறதுதான் உங்க ஊர் மரியாதையா? செண்டை தாள வாத்தியம், அதுகிட்ட காந்தாரம் கேக்குறவனுக்கு இசையைப் பத்திப் பேச என்ன தகுதி?

பெட்டிக்காரன்_மதுரை:
ஊரை இழுக்காதீங்க. ஊரை இழுத்தா நானும் இழுப்பேன். எங்க அப்பா நாற்பது வருசம் பெட்டி வாசிச்சவரு, படிப்பு இல்ல, நொட்டேஷன் தெரியாது, கேட்டதும் வாசிப்பாரு. அவரு வாசிச்சு ஊரே அழுதிருக்கு. உங்க பக்கம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிட்டு தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற நேரம்) கேன்டீனுக்கு எந்திரிச்சுப் போறாங்க, அவங்களுக்குத்தான் காது பழகியிருக்கு, எங்களுக்குப் பழகலையா?

மாமி_மயிலாப்பூர்:
கேன்டீன் பேச்சு எதுக்கு இப்போ? எல்லாருமா போறா? நான் ஒரு நாளும் எழுந்து போனதில்ல.

சும்மா_ஒருத்தன்:
மாமி, எந்த சபா கேன்டீன்ல கீரை வடை நல்லா இருக்கும்?

மாமி_மயிலாப்பூர்:
உங்களுக்கெல்லாம் எல்லாமே விளையாட்டு.

ஸ்வரம்_தேடி:
என் கேள்வியை யாருமே பாக்கலைன்னு நினைக்கிறேன். காது எதுக்குப் பழகுச்சோ அதுதான் நல்ல இசையா, இல்ல அதுக்கு வெளிய வேற அளவுகோல் ஏதாவது இருக்கா? ஒருத்தர் நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல வளர்ந்தாரு, ஒருத்தர் நாடக மேடைக்குப் பக்கத்துல வளர்ந்தாரு, அதானே இங்க நடக்குது?

காவேரிக்கரை:
எனக்கு பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரசனை ஆளுக்கு ஆள் மாறும்னு சொல்லி நழுவுறது சுலபம். காந்தாரம் மாறாது.

யாழ்_தென்றல்:
பாடுற ஆளுக்கு ஆள் காந்தாரம் மாறுது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் கேட்டனான்.

காவேரிக்கரை:
நீங்க ரேடியோவுல கேட்டிருப்பீங்க.

யாழ்_தென்றல்:
யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவில நேர கேட்டனான். நாதஸ்வரம் உங்கட ஊருக்கு மட்டும் எழுதிக் குடுத்த சொத்தோ? எங்கட ஊர் வித்துவான்கள் வாசிச்சதைக் கேட்டிருந்தால் இப்பிடிக் கதைக்க மாட்டீங்கள்.

காவேரிக்கரை:
கேட்டேன். நல்லாத்தான் வாசிச்சாங்க. கத்துக்கிட்டது எங்க போய்?

யாழ்_தென்றல்:
இது வேற ஆரம்பிக்கிறார்.

பெட்டிக்காரன்_மதுரை:
அண்ணே இலங்கை விஷயத்துக்குத் தாவாதீங்க, செண்டை மேளம் பாக்கி இருக்கு. பொண்ணு வீட்டு ஏற்பாடுன்னா முன்னாடி நின்னு கையைத் தூக்கி ஆடுனது யாரு, பொண்ணோட மாமாவா?

காவேரிக்கரை:
ஆடினது நான்தான். அதுக்கென்ன? ஆடுறதுக்கு செண்டை, கேக்குறதுக்கு தோடி. நீ இன்னும் பதில் சொல்லல.

பெட்டிக்காரன்_மதுரை:
எங்க ஊருக்கு வாங்க, அப்பாவையே வாசிக்கச் சொல்றேன்.

காவேரிக்கரை:
தோடி வாசிப்பாரா?

பெட்டிக்காரன்_மதுரை:
அவருக்கு எது தோணுதோ அதை வாசிப்பாரு. உங்களுக்கு பரீட்சை எழுத அவரு உக்காரல.

சும்மா_ஒருத்தன்:
வீடியோ லிங்கை யாராவது மறுபடி போடுங்கப்பா, டான்ஸைப் பாக்கணும்.