புதுப்பிப்பு: பெயரில்லாத அருவிகளைத் தேடிப் போய் வந்தாயிற்று

வரைபடத்தில் பெயர்கூட இல்லாத மூன்று அருவிகளை ஒரே நாளில் நடந்து பார்த்துவிட முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். இரண்டுதான் கிடைத்தன.

வரைபடத்தில் ஓடையின் குறுக்கே உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்; நெருங்கியிருந்தால் அங்கே செங்குத்துச் சரிவு) நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடச் சொன்னவருக்கு நன்றி. முதல் அருவி சரியாக அங்கேதான் இருந்தது. இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். ஆனால் காலை வெயில் முதுகில் பட நின்றபோது சாரலில் வானவில்! சூரியன் ஏற ஏற வில் தாழ்ந்துகொண்டே போகும், அதனால் விடியலில் கிளம்பியது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவதற்குப் போகும் வழியெல்லாம் பாசிப் பாறை. ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தேன், அதை விடுங்கள்.

அப்புறம் மூன்றாவது. பாதி வழியில், தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கியது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. மலைமேல் எங்கோ மழை என்று புரிந்ததும் ஓடையை விட்டு மேட்டில் ஏறித் திரும்பிவிட்டோம். கூட வந்தவனுக்கு இன்னும் கோபம். ஓடையைக் கடக்காமல் போக வழி இருக்கிறதா என்று மறுபடி வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.